யூனிவர்சிட்டி அவென்யூவில் ஒரு கெட்டிமேளம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டில் இருந்து டவுன்டவுனில், யூனிவர்சிட்டி அவென்யூவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் வந்தேன். ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், கலைஞர் விசாவுக்கு ஒருமுறை நேர்முகம் போய்ப் பார்க்கட்டும்.

நான் தவில் வாசிப்பவன். நியூ ஜேர்சியில் ஒரு நடனக் குழு, ஒரு வருடச் சுற்றுப்பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது. ‘அசாதாரணத் திறமையுள்ள கலைஞர்’ என்ற வகையில் அவர்கள் ஒரு லோயர் வைத்துப் போட்ட மனு ஏற்கப்பட்டுவிட்டது. கூட வரும் நாதஸ்வரக்காரர் நேசன் அண்ணை கனடியக் குடிமகன். அந்த அனுமதியை எல்லையில் காட்டினால் அவருக்குப் போதும். என்னுடையது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. விசா குத்தினால்தான் போகலாம். இரண்டு கிழமையில் ஒத்திகை. நான் போகாவிட்டால் வேறு ஆள் தயார். கோயிலும் கல்யாணமுமாக ஓடித் திரிந்த எனக்கு இப்படி ஒரு மேடை இன்னொரு முறை வராது.

நேர்முகம் காலை ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே நேசன் அண்ணை காருடன் வந்துவிட்டார். டவுன்டவுன் பார்க்கிங் கட்டணத்தை நினைத்தாலே காய்ச்சல் வரும் என்பதால் ஃபிஞ்ச் ஸ்டேஷன் வரை கார், பிறகு நான் மட்டும் சப்வே. ஸ்டீல்ஸ் வீதியில் வாகனங்கள் வழக்கம்போல ஊர்ந்தன. அண்ணை விசா அதிகாரியாக மாறினார்.

“நீர் பெரிய வித்துவானோ?”

“ஏதோ வாசிப்பன் அண்ணை.”

“உதைச் சொல்லாதையும் எண்டுதானே லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். திருப்பிச் சொல்லும்.”

“எல்லாம் ஆண்டவன் செயல்.”

“அப்ப ஆண்டவனுக்கு விசா குடுப்பாங்கள். நீர் வீட்டை இரும்.”

சிரிப்பு வந்தது. நன்றாக வாசித்தாய் என்று யாராவது சொன்னால் தலையைச் சொறிவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். அதை ஒரு காலையில் மாற்ற முடியுமா?

ஃபிஞ்சில் இருந்து ஒஸ்கூட் ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிடம், பிரெஸ்டோ அட்டையில் மூன்று டொலர் முப்பது சதம். அங்கிருந்து சின்ன நடை. எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று முதல்நாளே இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். வரிசை நீளம், ஆனால் நகரும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி. என்ன வாத்தியம், எங்கே வாசிப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “இதில் உங்களிடம் அப்படி என்ன விசேஷம்?” என்றார். கை தானாகத் தலையைச் சொறியப் போனது. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்பதுபோல் சுட்டுவிரலை உயர்த்தி என்னைப் பார்த்து ஆட்டினார்.

இருபது வருடமாக ஐயர்மாரின் விரலைப் பார்த்துப் பிழைப்பவன் நான். விரல் ஆடினால் கெட்டிமேளம். அதில் யோசனை கிடையாது. இரண்டு கையும் கவுன்டர் பலகையில் இறங்கிவிட்டன. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவலாளி கிட்ட வந்தார். இதோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“என்ன அது?” என்றார் அதிகாரி. தாலி கட்டும் கணத்தில் ஒரு தும்மலோ ஒரு கெட்ட சொல்லோ மணமக்கள் காதில் விழக்கூடாது, விரலைக் கண்டதும் எல்லாச் சத்தத்தையும் மூடுகிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

“பிந்திவிட்டால்?”

“நான் ஒருநாளும் பிந்தியதில்லை.”

“மற்றவர்கள்?”

“பிந்துவார்கள். என்னைப்போல வாசிக்க இந்த நகரத்தில் ஆள் இல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான் என்று விளங்கியது. அவர் சிரித்தார். கடவுச்சீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விசா அனுமதிக்கப்பட்டது என்றார். வெளியே வந்து தெருவோரத்தில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

போகப்போகிறவர்களுக்கு: கடவுச்சீட்டு கைக்கு வரும் வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள். பலகையில் அடிக்கச் சொல்லி நான் யாருக்கும் புத்தி சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் திறமையை உங்கள் வாயால் சொல்ல வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள். அங்கே உங்களுக்காகச் சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஃபிஞ்சில் நேசன் அண்ணை காரிலேயே காத்திருந்தார்.

“கிடைச்சிட்டுது அண்ணை.”

“என்ன சொன்னனீர்?”

“என்னைப்போல வாசிக்க இஞ்ச ஆள் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் காரை ஸ்டார்ட் பண்ணினார். கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்துக்கொண்டே, “உண்மையைத்தானே சொன்னனீர்” என்றார்.

பதினைந்து வருடமாக ஒரே மேடையில் பக்கத்தில் இருந்து வாசிப்பவர். இதை அவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.