கிளாஸ் ஏ பெட்டியும் ஒரு ஜனக்புரி குளிர்காலமும்

போன சனிக்கிழமை மகளின் பள்ளி நடனத்துக்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் அதில் பாட்டைப் போட்டுவிட்டு, "மேடம், பூரா தின் சலாவோ, கரம் நஹீ ஹோகா" என்றார். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாதாம். அதன் பெரிய பெருமையே அதுதான் என்பதுபோலச் சொன்னார். நான் புறங்கையால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. அம்மாவான பிறகு எதைத் தொட்டாலும் காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் என் கை கேட்கிறது. ஸ்பீக்கர் சில்லென்று இருந்தது. அதற்கும் கவலைப்பட்டேன்.

எங்கள் வீட்டில் இருந்த பெட்டி அப்படியில்லை. கல்யாணமாகித் தில்லி ஜனக்புரியில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தபோது நான் கொண்டுவந்தவை ஒரு கிரைண்டரும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டமும். கணவரிடம் ஏற்கெனவே இருந்தது ஒரு ஆம்ப்ளிஃபயர். அவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தில்லிக் கடைகளில் சாமான் பொறுக்கிவந்து அவரே கட்டிய பெட்டி அது. இரண்டு பக்கமும் சீப்பின் பற்கள்போலக் கறுப்பு அலுமினியத் தகடுகள். போட்டுக் கொஞ்ச நேரத்தில் தூசி கருகும் வாசனை வரும். அப்புறம் தகடுகளில் கைவைக்க முடியாது.

"ஏனுங்க, இது வெடிச்சுறாதுங்களா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கிளாஸ் ஏ அம்மணி, சுடத்தான் செய்யும். நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவதான?"

படித்தவள்தான், அதுதான் கொடுமை. ஆம்ப்ளிஃபயரின் வகுப்புகளைப் பற்றிப் படம் வரைந்து, பென்சிலால் நிழல்கூடத் தீட்டி, முழு மதிப்பெண் வாங்கியவள். அவற்றில் ஒன்றின் ஓசையைக்கூடக் காதால் கேட்டதில்லை. சமையல் குறிப்பில் பரீட்சை எழுதித் தேறியவள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பரீட்சையில் எழுதாத மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன். கிளாஸ் ஏ என்பது, விருந்தாளி வருகிறாரோ இல்லையோ, அடுப்பை எரியவிட்டுக் காத்திருப்பது. பாட்டு ஓடாத நேரத்திலும், ஓசையைப் பெரிதாக்கும் டிரான்சிஸ்டர் என்ற அந்தப் பொடிச் சில்லில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மெல்லிய ஓசை வந்தாலும் அப்படியே ஏந்திக்கொள்ளும். ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். கிளாஸ் பி-யில் இரண்டு டிரான்சிஸ்டர்கள், இரண்டு பேர் மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. அலையின் மேல்பாதி ஒருவருக்கு, கீழ்ப்பாதி மற்றவருக்கு. தன் முறை இல்லாதபோது தூக்கம். மின்சாரம் மிச்சம்தான். ஆனால் கைமாறும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும், அங்கே ஓசை நெளிந்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் நானும் அவரும் "நீ பாக்கறேன்னு நெனச்சேன்" என்போமே, அந்த இடைவெளி. உரக்கப் பாடும்போது அது தெரியாது, மெல்லப் பாடும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஏபி என்பது, தூங்குகிறவர் ஒரு கண்ணைத் திறந்துவைத்திருக்கும் சமரசம். டி வேறு ரகம், கடையில் பார்த்த சூடாகாத ஸ்பீக்கருக்குள் இருப்பது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்கிற சுவிட்ச் அது. ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கும், அதனால் சூடாகப் பெரிதாக எதுவும் வீணாகாது.

நான் எந்த வகுப்பு என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். குழந்தை நிம்மதியாகத் தூங்கும்போதும் நான் முழு மின்சாரத்தில்தான் இருந்தேன்.

மகளுக்கு அது முதல் குளிர்காலம். ரூம் ஹீட்டர் காற்றை உலர்த்திக் குழந்தையின் மூக்கைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டில் ஹீட்டரே கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். உள்ளறையில் எத்தனை கம்பளி சுற்றிப் படுக்கவைத்தாலும் அவள் சிணுங்கி எழுந்துவிடுவாள். முன்னறையில் பெட்டிக்கு எதிரே மெத்தை போட்டு, மெல்ல ஒரு பாட்டு வைத்தால் அசையாமல் தூங்குவாள். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா அம்மணி, என்ற பொண்ணு! இந்த வயசுலயே கிளாஸ் ஏ-ன்னா என்னன்னு அவளுக்குத் தெரியுது பாரு."

கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒருநாள் கிண்ணத்தில் கேரட் அல்வா கொண்டுவந்தவர், பெட்டிமுன் கைகளை நீட்டிக் காய்ந்துகொண்டே, "அச்சா ஹீட்டர் ஹை, பேட்டா. கஹான் ஸே லியா?" என்று கேட்டார். இவ்வளவு நல்ல ஹீட்டரை எங்கே வாங்கினாயாம். என் கணவர் அன்று அல்வாவைத் தொடவில்லை.

பிறகு மகள் தவழ ஆரம்பித்தாள், நேராகப் பெட்டியை நோக்கித்தான். தலையணை, சூட்கேஸ், கிரைண்டர் எல்லாவற்றையும் அடுக்கி அணை கட்டினேன். அணையைத் தாண்டி அந்தப் பிஞ்சு விரல்கள் தகட்டில் படுவது வேலைகளுக்கு நடுவே கண்முன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன். "இந்தப் பெட்டி வீட்டுல இருக்க வேண்டாங்க."

"இது போனா புள்ள தூங்குமா?"

"வேற ஆம்ப்ளிஃபயர்ல தூங்கினா?"

"தூங்கினா இதக் குடுத்தர்றேன். பேச்சு பேச்சுதான்."

அந்த ஞாயிறு மதியம் சோதனை. அவர் கல்லூரிக் காலத்தில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்த கிளாஸ் பி பெட்டியை இறக்கினார். மகள் மெத்தையில் அப்போதுதான் கண் சொருகியிருந்தாள். அதே பாட்டு, அதே மெல்லிய அளவு. ஒரு பெண் குரல் மேலே போய், தேய்ந்து தேய்ந்து அடங்கும் இடம் வந்தது. அந்த அடக்கத்தில் ஒரு கரகரப்பு. சோற்றில் நெருடும் பொடி மணல்போல. நான் பென்சிலால் வரைந்த அந்த நெளிவு! "கேக்குதுங்க, கேக்குதுங்க!" என்று கத்திவிட்டேன். மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள். அவள் அழுதது கரகரப்பாலா, என் கத்தலாலா என்று தீர்ப்பு வழங்க இயலவில்லை. ஆனாலும் அவர் ஜெயித்த முகத்தோடு பழைய பெட்டியை மாட்டினார். அதே குரல், அதே இடம். இப்போது அது நூல் இழைபோல மெலிந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடிந்தது. எனக்குக் கண் கலங்கியது. சளி என்று சொல்லிக்கொண்டேன்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சோதனையில் இரண்டு விஷயங்களை ஒன்றாக மாற்றக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது மண்டையைக் குடைந்தது. பெட்டி மாறியபோது ஓசை மட்டுமா மாறியது, சூடும்தானே? திங்கள்கிழமை அவர் ஆபீஸ் போனபிறகு, பாட்டே போடாமல் கிளாஸ் ஏ பெட்டியை மட்டும் போட்டுவைத்தேன். தகடுகள் சூடேறின. மகள் அவற்றின் பக்கமாகத் திரும்பி, வாயைத் திறந்துகொண்டு, மதியம்வரை தூங்கினாள். அவள் ரசிகை இல்லை, பூனை. ஆன்ட்டி சொன்னதுதான் சரி.

சாயங்காலம் அவரிடம் முடிவை அறிவித்தேன், பாடம் ஒப்பிக்கிற அதே குரலில். காரணம், விளைவு எல்லாம் வரிசையாக. அவர் ஷூ கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவளுக்குப் பாட்டே வேணாமா அம்மணி?"

"சூடுதான் வேணுமாட்ட இருக்குதுங்க."

பாட்டே இல்லாமல் அவள் தூங்கியது அவருக்குத் தோல்விதான். பேச்சு பேச்சுதான் என்றவர். அடுத்த வாரம், காற்றை உலர்த்தாது, கையைச் சுடாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஒரு எண்ணெய் ஹீட்டர் வந்தது, பெட்டி அவர் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போனது. படியில் அதை இறக்கும்போது, "இருங்க, குடுக்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியேற்றச் சொன்னதே நான், நிரூபித்ததும் நான். எந்த முகத்தோடு சொல்வது? "பாத்து எறங்குங்க, படி ஈரம்" என்றேன்.

இப்போது மகள் தன் அறையில் எதையோ இந்தியில் பாடிக்கொண்டு ஆடுகிறாள். சுடுகிற பொருள் எதுவும் அவள் கைக்கு எட்டுவதில்லை, நான் விரும்பியபடியே. அவர் பாட்டுக் கேட்பதெல்லாம் மெட்ரோவில், காதில் பொத்தான் மாதிரி எதையோ செருகிக்கொண்டு. அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் எங்கள் மூவருக்கும் ஒரே அறை, ஒரே பாட்டு. நேற்று வீட்டுக்குள் நுழைந்தவர் எதற்கோ தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டுங்க?" என்றேன்.

ஒரு பொத்தானைக் கழற்றி, "என்ன சொன்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. சாப்பாடு ஆறுது."