மேடேறும் குட்டி எஞ்சின்கள்

நிஜ நீராவியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சின் செய்வதுதான் தொழில் என்று சொன்னால், அது சரி, வேலை என்ன என்று கேட்பார்கள். கைவேலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

பின்வண்டி எங்கே?

எலெக்ட்ரானிக் சிட்டியில் தன் அபார்ட்மென்ட் விழாவில் குழந்தைகளைப் பெட்டிகளில் ஏற்றி எஞ்சின் ஓட்டிக் காட்டச் சொல்லி, கவிதா என்ற ஐ.டி. பெண் ஹெப்பகோடியில் உள்ள என் ஷெட்டுக்கு வந்தார். மலைக் கிளைப்பாதைகளில் ஓடிய ரகத்தின் சிறு வடிவத்தைக் காட்டினேன். கரியும் தண்ணீரும் வைக்கும் பின்வண்டியைக் காணோமே, அரைகுறையாக இருக்கிறதே என்றார்.

அதுதான் இதன் அழகு என்றேன். தண்ணீர்த் தொட்டி பாய்லரின் இரு பக்கமும், கரி டிரைவரின் முதுகுப்பக்கமும் இருக்கும். அந்தக் கனம் சக்கரத்தின் மேலேயே இறங்குவதால் மேட்டில் பிடி நழுவாது. திருப்ப இடமில்லாத மலை ஸ்டேஷனிலிருந்து பின்பக்கமாகவே ஓடி வந்துவிடும். கவிதா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தன் லக்கேஜைத் தானே தூக்கிக்கிட்டு மலை ஏறுதா? இதையே கொண்டு வாங்க.”

ஈர மேடு

விழா அன்று தூறல். தோட்டத்து மேட்டில் போட்டிருந்த தண்டவாளம் நனைந்துவிட்டது. பாதியில் வழுக்கினால் குழந்தைகள் விழுவார்கள், மூட்டை கட்டுங்கள் என்றார் அசோசியேஷன் செயலாளர், கன்னடக்காரர். ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்து ஒரு தடவை ஏற்றிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன்.

திருப்பத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. என்னோடு வேலை செய்யும் நாகராஜ் குனிந்து, தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டே முன்னால் நடந்தான். ஒரு திணறல், அப்புறம் பிடி கிடைத்துச் சீராக மூச்சுவிட்டு உச்சிக்கே போய்விட்டது. செயலாளர் குடையை மடக்கி நாகராஜிடம் கொடுத்துவிட்டு, மூட்டையை இறக்கிய பெட்டியில் உட்கார்ந்தார்.

“நடீரி, போலாம். மொதல்ல நான் போய்ப் பாக்கறேன், அப்புறம் பசங்க வரட்டும்.”

தொட்டுப் பார்த்தவர்

சாயங்காலம் வசந்தி என்ற குடியிருப்பாளர் வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அப்பா மலை ரயிலில் டிரைவராக இருந்தாராம்; வீட்டில் எஞ்சின் பேச்சுதானாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கை சுடாத பக்கத் தொட்டியில் அவர் கையை வைத்தேன். மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார். மேலெல்லாம் வெதுவெதுப்பு, தண்ணீர் நிற்கும் அடியில் மட்டும் குளிர்ச்சி. நாகராஜ் தண்ணீர் ரொப்பியிருப்பான் என்று நானும், நான் ரொப்பியிருப்பேன் என்று அவனும் இருந்திருக்கிறோம். பெட்டிகளில் குழந்தைகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.

“தண்ணி அடியிலதான் இருக்கு. ரொப்பிட்டு எடுங்க, நானும் வரேன்.”

செய்தவன் நான்தான், ஆனால் அது புகைவிட ஆரம்பித்துவிட்டால் என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நான் உட்பட.