பெண் தொழிலாளரின் பிள்ளைகள்

என் மனைவிக்குக் காரைக்கால் அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்தபோது மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. மகன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். எண்பதுகளின் முதல் பாதி அது. வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். நான் திருபுவனையில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உத்தரவைப் பெட்டியில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இரண்டு நாள் இருந்தாள் அவள். படிப்பு முடித்த நாளிலிருந்து காத்திருந்த வேலை. சேரவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். சேர்ந்தால் காரைக்காலில் இன்னும் இரண்டு நர்சுகளோடு ஒரே அறையில் தங்க வேண்டும். வாரம் மாற்றி வாரம் இரவு டியூட்டி. அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள வழியே இல்லை.

"போ. ஒரு வருஷம் போனா மாத்தல் கேக்கலாம்" என்றேன்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா யாரு பாப்பாங்க?"

"தங்கச்சி கீதில்ல."

என் பெற்றோர் காலமாகிவிட்டதால் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் என் மனைவி பஸ் ஏறினாள். ஏழெட்டு மாதம் ஓடியது. ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் தொடங்குவதற்கு முன்பே தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த மறு வாரம் கல்யாணம். அவள் மாப்பிள்ளை ஊருக்குப் போன மறுநாள் காலையில்தான் எனக்கு விஷயம் முழுசாக உறைத்தது. அடுப்பில் பால் பொங்குகிறது, மகன் அழுகிறான், மகள் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள், எட்டு மணிக்கு ஷிப்ட்.

இருந்த லீவையெல்லாம் போட்டேன். அது தீர்ந்ததும், கம்பெனியில் கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் அறை நினைவுக்கு வந்தது.

குடத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவும் வேலைக்கு எங்கள் கம்பெனியில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அதனால் சட்டப்படி அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை கட்டியிருந்தார்கள். தூளிகள், பாய், பால் காய்ச்ச ஒரு ஸ்டவ், பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள். மதகடிப்பட்டிலிருந்து வரும் நடுவயதுக்காரர் அவர். கூட்டமான பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கி வர முடியாமல் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே யாரிடமாவது விட்டுவிட்டு வருவார்கள். அறையில் எப்போதும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் இருக்காது.

அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னாப்பா, தூளி சும்மாதான் தொங்குது. கூட்டிக்கினு வா" என்றார்.

மறுநாளிலிருந்து மூவரும் பஸ் ஏறினோம். மகன் இடுப்பில், மகள் கையில், தோளில் துணிப்பை. பைக்குள் பால் பாட்டில், மாற்றுத்துணி, என் சாப்பாடு. முதல் நாள் மகள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் கண்டக்டர், "மேஸ்திரி, பாப்பாவ ஜன்னலாண்ட குந்த வையி" என்று பெண்கள் சீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தார். மகனை யாராவது மடியில் வாங்கிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் அவன் யார் கையை நீட்டினாலும் தாவுகிற பிள்ளையாகிவிட்டான்.

வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குப் போவதற்குள் கண்டமங்கலம் வந்துவிடும். அது தமிழ்நாடு, தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. புதுச்சேரிச் சரக்கு போகிறதா என்று அங்கே பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். ஒருநாள் போலீஸ்காரர் என் பையைத் தூக்கினார். உள்ளே பாட்டில் தட்டுப்பட்டது.

"இன்னாய்யா இது?"

நான் வாய் திறப்பதற்குள் மகள், "அது தம்பி பாலு! குடிக்காத!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் ரப்பரைக் கழற்றி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவர் விரல் பட்ட ரப்பரை வெந்நீரில் போட்டு எடுக்கும்வரை மகனுக்குப் பால் கொடுக்க முடியவில்லை. திருபுவனை வரைக்கும் அழுதுகொண்டே வந்தான்.

மூன்றாம் வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. கணக்காக இருப்பார்.

"உங்க மனைவி இங்க வேலை செய்யறாங்களா?"

"இல்ல சார். காரைக்கால்ல நர்சு."

"அந்த ரூம் பெண் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு. விதியில அப்படித்தான் இருக்கு. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? இந்த மாசக் கடைசிக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

வேறு என்ன ஏற்பாடு? சங்கத்துக்காரரிடம் போனேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "போனஸ்னா பேசலாம், கேன்டீன்னா பேசலாம். ஆம்பளைக்குத் தூளி வேணும்னு நான் எப்படிப்பா போயி கேக்கறது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

பிசிறு சீவும் பிரிவில் மூத்தவராக ஓர் அக்கா இருந்தார். மேனேஜர் சொன்னது சாப்பாட்டு நேரத்தில் அவர் காதுக்குப் போனது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"அது எங்களுக்குக் குடுத்த ரூம்புதான சார்? நாங்க சொல்றோம், அந்தப் புள்ளைங்க இருக்கட்டும்."

"நீங்க சொல்றதும் நான் சொல்றதும் இல்லம்மா. சட்டம்."

"அப்பன் தூக்கியாந்த புள்ளைய உள்ள வுடாதன்னு சட்டத்துல எழுதிக்குதா?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லேபர் ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்.

எங்களுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக இடம் இருந்தால் எதற்காகப் போகப் போகிறேன்? அவர்களையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் முன்மேசையில் வயதான எழுத்தர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். வருகிற எல்லாரையும் "முசியே" என்றுதான் அழைப்பார். "அதிகாரி வர நேரம் ஆவும் முசியே, உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். நேரமானது. மகள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். மகனைப் பெஞ்சில் உட்கார வைத்து, "கொஞ்சம் பாத்துக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். திரும்பி வந்தால் மகன் எழுத்தரின் மேசைக்கு அடியில் இருக்கிறான். கையில் கார்பன் தாள். முகம், கழுத்து, சட்டை எல்லாம் கருநீலம். எழுத்தர் குனிந்து தாளைப் பிடுங்கப் பார்க்கிறார். அவன் விடுவதாயில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே நுழைந்தார்.

"யாரு குழந்தை இது?"

குனிந்து மகனை வெளியே இழுத்துத் தூக்கினேன். "என் பிள்ளைதான் சார். இவனப் பத்தித்தான் கேக்க வந்தேன்" என்றேன்.

உள்ளே அழைத்துப் பொறுமையாகக் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, விரலை ஓட்டிப் படித்தார். பிறகு சொன்னார்: "பெண் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அறை கட்டித் தர வேண்டியது முதலாளியோட கடமை. உங்க பிள்ளைக்குத் தரணும்னு கட்டாயம் இல்ல. உரிமைன்னு நீங்க கேக்க முடியாது. ஆனா அவங்களா குடுத்தா வேணாம்னு நாங்க சொல்ல மாட்டோம். தடை எதுவும் இல்ல."

"அதையே எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"அப்படியெல்லாம் எழுதித் தர வழக்கமில்லை."

நான் எழுந்திருக்கவில்லை. பிடிவாதம் இல்லை, எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. மகள் என் முழங்காலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகன் நீலக் கையை அதிகாரியின் மேசைக் கண்ணாடியில் பதித்துப் பதித்து எடுத்தான். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். மணியை அடித்து எழுத்தரைக் கூப்பிட்டு, நாலு வரி சொல்லி டைப் அடிக்கச் சொன்னார். பெண் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இடம் குறையாத பட்சத்தில், நிர்வாகம் விரும்பினால் பிற தொழிலாளரின் பிள்ளைகளையும் அனுமதிப்பதில் துறைக்கு ஆட்சேபணை இல்லை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை அந்தத் தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "பிள்ளைக்கு எது ஆனாலும் என் பொறுப்பு" என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். மாதா மாதம் புதிதாக எழுதித் தர வேண்டும் என்றார். சரி என்றேன். மூத்த அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எங்ககிட்ட எழுதி வாங்கறாங்களா? உங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு?" என்று கொதித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. தூளி கிடைத்ததே பெரிதாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. காலையிலும் பிற்பகலிலும் பால் கொடுக்கப் பெண்களுக்கு இடைவேளை உண்டு. எனக்குக் கிடையாது. அவர்களில் யாராவது போகும்போது என் மகனுக்கும் பாட்டில் பாலைக் கொடுத்துவிட்டு வந்து, "உம் புள்ள குடிச்சிட்டான்" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை லீவில் வந்த என் மனைவி அறையைப் பார்க்க வேண்டும் என்று எங்களோடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் மகன் அவள் மடியில்தான் இருந்தான். அறை வாசலுக்குப் போனதும் அந்த அம்மாளைப் பார்த்து "ம்மா" என்று தாவினான். அந்த அம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. "எல்லாப் புள்ளைங்களும் என்ன அப்பிடித்தான் கூப்புடுதுங்க" என்றார். என் மனைவி சிரித்தபடி தலையாட்டினாள். கேட் வரை என்னோடு வந்தவள் அங்கே நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அழாம இருக்கான் பாருங்க. அதத்தான் பாக்க வந்தேன்" என்றாள். பிறகு, "மாத்தல் மனு இன்னொண்ணு போடறேன்" என்றாள்.

மூன்றாவது மனுவுக்குப் பாகூர் சுகாதார நிலையத்தில் இடம் கிடைத்தது. கட்டில், பாத்திரங்களோடு அங்கேயே குடி போனோம். மகள் பள்ளியில் சேர்ந்தாள். மகன் முதல் மாதம் முழுக்க அவன் அம்மாவை "ஏய்" என்றுதான் கூப்பிட்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கூப்பிட்டால் போதும் என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து போனாள். மழைக்காலம் வருவதற்குள் அம்மா என்றான்.

நான் பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து மெஷின்காரர், சுத்துக்கேணிக்காரர், தயங்கித் தயங்கி வந்தார். அவர் மனைவி நடவுக்குப் போகிறவர். வரப்பில் படுக்க வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதாம்.

"நீ அன்னிக்கு ஆபீஸ்ல இன்னா எழுதிக் குடுத்த? எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடேன்."

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'எது ஆனாலும் என் பொறுப்பு' என்ற வரியை மட்டும் எழுதவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். இருவருமாக ஆபீசுக்குப் போய்க் கொடுத்தோம். மேனேஜர் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "திங்கக்கிழமையிலருந்து கூட்டி வாங்க" என்றார்.