இடது காது நீலம்

அந்தத் தெருவில் நரைத்த தலை என்று ஒன்று கிடையாது. சலூன்காரர் விட்டால்தானே! தபால்காரர், பள்ளி வாத்தியார், பல் வைத்தியர் எல்லாரும் அவர் கைபட்டுக் காக்காய்க் கருப்பாகத் திரிந்தார்கள். பல் வைத்தியரின் சாம்பல் பூனை சலூன் நாற்காலியில் ஏறித் தூங்கிவிட்டுக் கருப்பாக இறங்கியது என்றுகூடச் சொல்வார்கள். பூனையைக் கேட்டால் அது மறுக்காது.

ஊர்த் தலைகளை இளமையாக்குவதிலேயே பொழுது போய், அவருக்கு ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் துணைக்கு ஒரு அக்கா. தம்பியின் கத்தரிக்கோலைவிட அவள் வாய் கூர்மை. எதிர் வரிசையில் ரொட்டிக்கடை. கணவனை இழந்த ஒருத்தி அதைத் தனியாளாக நடத்தி வந்தாள். தினமும் காலையில் இவர் போவார், ஒரு ரொட்டி கேட்பார், கேட்க நினைத்த மற்றதை விழுங்கிக்கொண்டு திரும்புவார். வீட்டில் ரொட்டி மலையாகக் குவிந்ததுதான் மிச்சம்.

அந்த வாரம் அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "கடையை மூடிட்டு தங்கச்சி ஊருக்கே போயிடலாமான்னு இருக்குங்க. ஞாயித்துக்கிழமை வந்து முடிவைக் கேக்கப் போறா," என்றாள்.

சலூன்காரர் விரல்விட்டு நாளை எண்ணினார். சனிக்கிழமையே கேட்டுவிட வேண்டும். எதைப் போட்டுக்கொண்டு கேட்பது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. எப்போதோ ஒரு நாள் அவள், "இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குங்க," என்று சொன்ன வெள்ளைப் பருத்திச் சட்டைதான். பெட்டியைத் திறந்து பார்த்தால், அது கிழவன் பல்லைப் போலப் பழுத்துக் கிடந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன்டா," என்றாள் அக்கா.

"புதுசைப் பார்த்து அவங்க எடுப்பா இருக்குன்னு சொல்லலையேக்கா."

நீலச் சாயப் பொட்டலம் ஒன்று வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "பெரிய பானையில தண்ணியைக் கொதிக்க வச்சு, உப்பு போட்டு, துணியை முக்கிக் கிளறிக்கிட்டே இருக்கணுமாம்."

"முப்பது வருஷமா சாயம் போடுறவனுக்கு இந்தப் பொட்டலம் பாடம் எடுக்குதா? உப்பு போட நான் என்ன சமையலா பண்றேன்?"

"தலை வேற, சட்டை வேறடா."

"நீ சும்மா இரு அக்கா. எனக்குத் தெரியாத சாயமா?"

சமையலறை நாற்காலியில் சட்டையை மாட்டினார். கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்து, காலரில் தொடங்கிச் சீப்பும் பிரஷுமாகப் பூசினார். மேலே பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து அரைமணி நேரம் காத்திருந்தார். நடுவில் பழக்கதோஷத்தில் குனிந்து, "எரியுதுங்களா?" என்று சட்டையிடம் விசாரித்தார். குழாயடியில் ஒரே ஒரு அலசு. கடைசியில் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துச் சட்டைக்கு அதன் முதுகைக் காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் உலர்ந்த சட்டையைப் பார்த்ததும் அவளே மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மயில் கழுத்து தோற்றுவிடும் நீலம்! தையல் நூல் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளை வெளேரென்று நின்றது. அதுவும் ஓர் அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு கடை திறந்தார். மத்தியானம் எதிர்க்கடைக்குப் போவதாகத் திட்டம். அதுவரை தலைகள் வந்துகொண்டே இருந்தன. தண்ணீரைத் தெளிப்பார், இடது கையால் தலையைப் பிடிப்பார், வெட்டுவார். ஈரத்தில் நனைந்த இடது சட்டைக்கை வந்தவர் காதை உரசிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சலூனிலிருந்து இறங்கிய தபால்காரர் ஒரு காது நீலமாக ரொட்டி வாங்கப் போனார். பின்னாலேயே வாத்தியார் போனார், பல் வைத்தியர் போனார். பதினோரு மணிக்குள் தெருவில் பாதிப் பேருக்குக் காது நீலம்.

மத்தியானம் சலூன்காரர் வியர்க்க விறுவிறுக்கத் தெருவைக் கடந்தார். ரொட்டிக்கடைக்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாங்க. காலையிலேர்ந்து உங்க காதுங்க வரிசையா வந்து போகுது. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துபோனது. "போகாதீங்க," என்றார். அவ்வளவுதான் வந்தது. தன்னை மறந்து அவள் மாவுக் கையை வேறு பிடித்துவிட்டார். அவர் விட்டதும் அவள் கை நீலம். மறுபடி மாவைத் தொட்டாள், மாவும் நீலம். கழுத்து வழியே நீல வியர்வை இறங்கி ஓட, சலூன்காரர் நின்ற இடத்திலேயே உருகினார்.

அவள் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "அதே சட்டையா?"

"அதேதாங்க."

"உப்பு போட்டீங்களா?"

"...இல்லீங்க."

"மாவுல உப்பை மறந்தா ரொட்டியே சப்புன்னு போயிடும். உப்பில்லாம சாயம் எப்படிங்க துணியில நிக்கும்?" இடுப்பில் கட்டியிருந்த வெளிறிப்போன ஏப்ரனை அவிழ்த்து அவர் தோளில் போட்டாள். "நாளைக்குக் கடை லீவு. பெரிய பானை என்கிட்ட இருக்கு, உப்பும் இருக்கு. இதையும் உங்க சட்டையையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வைப்போம்."

"நாளைக்கு உங்க தங்கச்சி வருவாங்களே?"

"வரட்டும். வந்து கிளறட்டும்," என்றாள் அவள்.

அன்று அந்த நீல மாவும் ரொட்டியாகி விற்றுத் தீர்ந்தது. தின்றவர்கள் ஞாயிறு முழுக்க நீல நாக்கோடு சிரித்தார்கள். அந்தப் பூனை உள்பட.