செல்வி நடத்திய பெரட்டு

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் செல்வி அப்போது தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் காகிதச் சீட்டுகளோடு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையைப் போலவே பெரட்டு நடத்தினாள்.

“ஏ ராமாயி! ஏன் புள்ள லேட்டு? போ, இன்னிக்கு வேல இல்ல!”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால் எங்கள் வேலை போய்விடும். அவளை அறைந்து, சீட்டுகளை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் வாத்தியார் வழியில் நிறுத்தினார். “சீட்டுல பேருங்கள நான்தான் எழுதிக் குடுத்தேனுங்க. புஸ்தகத்தையே தொடாத புள்ள, அந்த வெளையாட்டுல இருபது பேர வாசிச்சிச்சு. மொதல்ல வாசிச்சது ராமாயின்னு ஒங்க பேருதான்.”

அவர் புதுச் சீட்டுகள் கொடுத்தும் செல்வி தொடவில்லை. வகுப்பில் வாயும் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இன்று நிஜப் பெரட்டில் நிற்கிறாள். அவள் பேரை வேறொருவர் வாசிக்கிறார்.

இப்போது என் இளைய மகள் பெரட்டு விளையாடினால், நானும் வரிசையில் போய் நின்று, பேர் கூப்பிட்டதும் “வந்திருக்கேனுங்க” என்கிறேன். செல்வி மட்டும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.