ஒரு சாக்கு மண்

வீட்டில் தரை துடைக்க ஏதோ புதுத் திரவம் வாங்கியிருக்கிறார்கள். மூடியைத் திறந்ததுமே பைன் மர வாசனை. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க மாமா" என்றாள் மருமகள். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். அவள் மேல் கோபமில்லை. அந்த வாசனையைக் குற்றால மலைக்குக் கூட்டி வந்தவனே நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், அருவிக்கு வெகு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை. தாவரவியல் படித்த கர்வம் தலையில் தொப்பியைவிட உயரமாக உட்கார்ந்திருந்தது. துரைக்குத் தன் ஊர் மலையை ஜன்னல் வழியே பார்க்க வேண்டுமாம். பைன் விதை வரவழைத்தார். சும்மா கிடக்கிறது என்று அவர் கைகாட்டிய புல்சரிவுக்குத்தான், கோடையில் வயல்கள் காய்ந்ததும், அடிவாரத்து இலஞ்சி ஊரிலிருந்து மந்திரம் என்ற அண்ணாச்சி தன் மாடுகளை ஓட்டி வருவார்.

நாற்றுகள் சாண் உயரத்தில் மஞ்சளித்து நின்றுவிட்டன. அண்ணாச்சி வந்து குசலம் விசாரிப்பார்.

"என்னவே பி.ஏ., ஒம்ம பிள்ளையளுக்கு மஞ்சக்காமாலயா? கீழாநெல்லி அரச்சுக் கொடும்வே!"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். பைன் வேரோடு ஒரு பூஞ்சை கூட்டுச் சேராவிட்டால் மரம் தேறாது என்று படித்திருந்தேன். துரைக்கு அது தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அத்தனையும் செத்திருக்கும். கோடைக்கானல் போய், வளர்ந்த பைன்களின் அடியிலிருந்து அந்தப் பூஞ்சை கலந்த மண்ணை ஒரு சாக்கு அள்ளி வந்து நாற்றுக்கு ஒரு பிடி போட்டேன். அடுத்த சாரலில் பச்சை பிடித்தது. துரை தோளில் தட்ட, சர்க்கஸ் குரங்கு மாதிரி இளித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் மரங்களுக்கு நான் தேவைப்படவில்லை. ஊசியிலைகள் உதிர்ந்து மெத்தையாகப் படிந்து புல்லை மூச்சுமுட்டக் கொன்றன. காய்கள் விரிந்து, சிறகுள்ள விதைகள் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் அடுத்த சரிவுக்குப் பறந்தன. காய்ந்த ஊசிகளில் பற்றிய தீ புல்வேரையும் தின்றது. சாம்பலில் முளைத்தவை பைன் கன்றுகள்.

ஒரு கோடையில் அண்ணாச்சியின் செவலைப் பசு ஊசிகளில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அதுவரை மரியாதையாக 'வே' போட்டுப் பேசியவர் 'லே'க்கு இறங்கிக் கத்தினார்:

"ஏலே படிச்சவனே! மாடு ஊசியையா திங்கும்? அங்கன பாருலே, கால் முறிஞ்சு கண்ண உருட்டுது!"

"துரை உத்தரவு, அண்ணாச்சி."

"மண்ணையும் தொரையா சொமந்தாரு?"

மாடுகளை விற்றுவிட்டுப் புனலூர்ப் பக்கம் கூலிக்குப் போனார். துரை கப்பலேறினார். மரங்கள் போகவில்லை.

போன மாதம் பேரன் அங்கே கூட்டிப்போனான். புதுமண ஜோடிகள் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு அழகான காடு தாத்தா!" காடாம்! ஒரு குருவிச் சத்தம் இல்லை. இங்கே இடுப்பளவு புல் நின்றது, மாடுகளின் முதுகு மட்டும்தான் தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு அவனும் படமெடுக்கப் போனான். அந்தப் புல்லைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவன், அதை அழித்த நான் ஒருவன். நானும் போய்விட்டால், அங்கே எப்போதும் பைன்தான் இருந்தது என்றாகிவிடும்.