கஞ்சி கெட்டியாகிப் போன காலை

ஈரப் பட்டு நூலும் அரிசிக் கஞ்சியும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். குளிப்பாட்டிய நாய்க்குட்டியின் வாடை என்று சொன்னால் ஆரணிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த வாடை வந்துவிட்டால் யார் வீட்டிலோ ‘பாவு’ நீட்டிவிட்டார்கள் என்று பொருள். புடவையின் நீளவாட்டில் ஓடும் நூல்கள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிடலாம். மறுமுனையில் குச்சியைக் கோத்து ஓர் ஆள் பிடித்து நிற்க வேண்டும். நூல் நனையும்போது தளரும், காயும்போது இறுகும். அதற்கேற்ப விட்டும் இழுத்தும் பிடிக்கக் கம்பத்துக்குத் தெரியாது. அந்த ஆள் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் வழக்கம்.

நான் ஒன்பதாவது படித்தபோது பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் இருந்தேன். திருவண்ணாமலையில் போட்டி, காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து வேன். அதுவரை நான் வெளியூர் போனதெல்லாம் யாருடைய கல்யாணத்துக்கோ, யாருக்கோ மொட்டை போடவோதான். எனக்காக நான் ஒரு ஊருக்குப் போகப்போவது அதுவே முதல் தடவை. அதே காலையில்தான் எங்கள் பாவையும் நீட்ட வேண்டியதாயிற்று. அம்மா சித்தியின் பிரசவத்துக்காகச் சேத்துப்பட்டு போயிருந்தார். அண்ணன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். மிஞ்சியது நான். “ஆறரைக்கெல்லாம் காஞ்சிடும் பாப்பா, ஜல்தியா அனுப்பிடறேன்” என்றார் அப்பா. அவர் பொய் சொல்கிற ஆளில்லை. தனபால் பெரியப்பா வராமல் இருந்திருந்தால் ஆறரைக்குக் காய்ந்துதான் இருக்கும்.

தனபால் பெரியப்பா எதிர்வீட்டுக்காரர். பெரியப்பா என்பது வாய்ப்பழக்கம், உறவில்லை. அவருக்குக் கருத்து இல்லாத விஷயமே உலகத்தில் கிடையாது. கறிவேப்பிலைச் செடிக்கு எத்தனை நாள் புளித்த மோர் ஊற்ற வேண்டும், கிரைண்டரை எந்தச் சுவரோரம் வைத்தால் வீட்டில் சண்டை வராது, வளர்க்கிற புறா ஏன் பக்கத்துத் தெருவில் போய் முட்டையிடுகிறது, எல்லாம் சொல்வார். ஒவ்வொரு தேர்தலுக்கும் “இந்த வாட்டி ஆட்சி மாறுது, மாறலன்னா மீசைய எடுத்துடறேன்” என்பார். ஆட்சி மாறியும் இருக்கிறது, மாறாமலும் இருந்திருக்கிறது. மீசை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் பேஜார். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்றைக்கு அவர் பல் குச்சியோடு வந்து நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மேகமா கீது. தண்ணியா போட்டா நூல்ல புடிக்காதுப்பா. கெட்டியா போடு, நான் சொல்றேன்” என்றார். அப்பா எத்தனையோ வருடங்களாகக் கஞ்சி காய்ச்சுகிறவர். இருந்தும் தலையாட்டினார். வயதில் பெரியவர் நாலு பேர் எதிரில் சொல்வதைத் தட்டிப் பேசுவது எங்கள் வீட்டில் மரியாதையில்லை. கெட்டிக் கஞ்சி பட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா நாடாக நின்றன. இனி அவற்றை விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மணி அப்போது ஆறே முக்கால்.

பிரிக்கத் தெருவே கூடியது. வந்தவர்களில் பாதிப் பேர் பிரித்தார்கள், மொத்தப் பேரும் பேசினார்கள். என் ஆட்டமும் பேச்சில் வந்தது. “வெயில்ல ஓடிகினு கெடந்து கறுத்துப் போச்சு பொண்ணு. கேரம் ஆடலாமே, வீட்டுக்குள்ளயே ஆடிக்கலாம்” என்றாள் மூன்றாவது வீட்டு அக்கா. “ஓடினாதான் பசியெடுக்கும், உடுங்க, ஆடட்டும்” என்றார் தையல்கடை அண்ணன். அங்கிருந்து பேச்சு பெண்ணைப் படிக்க வைப்பதற்கு நகர்ந்து, மிக்சி ரிப்பேருக்குத் தாவி, கூட்டணியில் யாருக்கு எத்தனை இடம் என்பதில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளக் கையில்லை. அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேரையும் அப்போது நான் வெறுத்தேன். குச்சியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மூன்று புடவைக்கான பாவு மண்ணில் விழும். அப்பா அடிக்க மாட்டார். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உட்கார்ந்து வாரக்கணக்கில் சிக்கெடுப்பார். அது தெரிந்திருந்ததால்தான் என்னால் நகர முடியவில்லை.

ஏழே காலுக்கு விளையாட்டு டீச்சர் ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்துவிட்டார். “என்ன செல்வி, எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தனபால் பெரியப்பா முன்னால் வந்தார். “டீச்சரம்மா, புள்ளைய முன்சீட்ல உக்கார வைங்க, வாந்தி வராது. இருட்டறதுக்குள்ள இட்டாந்துடுங்க” என்றார். நான் போகிறேன் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். யாருமே என்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், “பத்து நிமிஷம் நிறுத்திப் பாக்கறேன்” என்று வண்டியைத் திருப்பினார்.

வழக்கம் என்பதெல்லாம் சும்மா. முந்தின வருடம் தனபால் பெரியப்பா வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் கிடந்தபோது அவர்கள் பாவைத் தையல்கடை அண்ணன்தான் பிடித்தார். அன்று மட்டும், என்னைச் சுற்றி அத்தனை கைகள் இருந்தும், இந்தக் குச்சியை வாங்கிக்கொள்வோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவு காய ஒன்பதரை ஆயிற்று. அப்பா குச்சியை வாங்கியபோது என் விரல்கள் நிமிரவில்லை. “அடுத்த வாட்டி போலாம் பாப்பா” என்றார். அடுத்த வருடம் பத்தாவது, விளையாட்டு நின்றுபோயிற்று.

இப்போதும் நான் அதே தெருவில்தான் இருக்கிறேன். தெருவில் யாரும் பாவு நீட்டுவதில்லை. பாவு மெஷினில் சுற்றி வந்துவிடுகிறது, தெருவின் இரண்டு பக்கமும் பைக்குகள் நிற்கின்றன. தனபால் பெரியப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த வாடை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு பிளஸ் ஒன் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சிலம்பப் போட்டிக்காம், வேலூருக்கு. மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ வருமாம். இடுப்பில் தம்பிப் பாப்பா, அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றாள். எனக்கு மனசு பொங்கிவிட்டது. பெண்கள் கட்டாயம் விளையாட வேண்டும் என்றேன். யார் தடுத்தாலும் விடாதே என்றேன். குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், காலில் என்ன ஷூ போட வேண்டும் என்று சொன்னேன், இந்த ஆட்சியில் விளையாட்டுக்கு என்ன செய்கிறார்கள், என்ன செய்யவில்லை என்பதையும் சொன்னேன். தெருமுனையில் ஆட்டோ இரண்டு தடவை ஹாரன் அடித்தது என் காதிலும் விழுந்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். அவள் தெருமுனையைப் பார்த்தபடியே “சரிங்க ஆன்ட்டி, சரிங்க ஆன்ட்டி” என்று கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டீ போட்டு, பாதி குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அவள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். “குழந்தைய இப்டி குடும்மா, நீ கிளம்பு” என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

“பரவால்லைங்க ஆன்ட்டி” என்றாள். “நீங்க பேசிகினு இருக்கும்போதே ஆட்டோ போயிடுச்சு.”